பாதியிலேயே நின்ற முள்



போன வாரம் நம் வீட்டு வேப்பமரத்தடியில் அம்பாசிடர் நிற்கிற படத்தைப் போட்டிருந்தேன். "சார், அது இன்னும் ஓடுதா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓடுகிறது. ஆனால் போன தை மாதம் ஒருநாள் ஓடாமல் நின்றது. அது நின்ற கதையையும், ஏன் நின்றது என்று தேடப்போய் எனக்கு வேறொன்று தெரியவந்த கதையையும் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி செய்த மார்க் 2 அம்பாசிடர், 1972 மாடல். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சு. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை அம்பாசிடர் வந்தது. அது நின்ற அதே வருஷம்தான் நானும் ஓய்வு பெற்றேன். எங்கள் இருவருக்கும் அந்த ஒற்றுமை உண்டு.

வண்டி முதலில் என் தாய்மாமாவுடையது. ஏலக்காய் வியாபாரம். மலையில் தோட்டம் தோட்டமாகப் போய்க் காய் வாங்கி, போடியில் கொண்டுவந்து விற்பார். 1979-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பின் சீட்டில் ஆள், டிக்கியில் மூட்டை. இன்றைக்கும் மழைக்காலத்தில் கதவைத் திறந்தால் சீட்டுக்குள்ளிருந்து ஏலக்காய் வாசம் லேசாக வரும். 2004-இல் மாமா காலமான பிறகு வண்டி என்னிடம் வந்தது.

மாமா ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். பங்க்கில் பெட்ரோல் போட்டதும் கிலோமீட்டர் எவ்வளவு, லிட்டர் எவ்வளவு என்று எழுதுவார். "முள்ளப் பாக்காதடா மாப்ள, கணக்கப் பாரு" என்பார். இந்த வண்டியின் டேங்க் 54 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர் கொடுக்கும். மலையேறினால் 7 கொடுத்தால் பெரிது. இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு 25 வருஷம் ஒருநாள்கூட வழியில் நிற்காமல் ஓட்டினார். வண்டி என் கைக்கு வந்ததும் நான் முதலில் நிறுத்தியது அந்த நோட்டு எழுதுவதைத்தான். இயற்பியல் வாத்தியாருக்கு எதற்கு நோட்டு, அதுதான் கருவி இருக்கிறதே என்று ஒரு நினைப்பு.

சரி, தை மாதக் கதைக்கு வருகிறேன்.

பூப்பாறையில் மச்சான் பேத்திக்குக் காதுகுத்து. மறுநாள் காலையில் விசேஷம் என்பதால் முதல்நாள் மதியமே ராசிங்காபுரத்திலிருந்து கிளம்பினோம். நான், வீட்டம்மா, என் தங்கச்சி, பேரன் நான்கு பேர். போடி தாண்டும்போது முள்ளைப் பார்த்தேன். சரியாகப் பாதியில் இருந்தது. பாதி என்றால் 27 லிட்டர். பூப்பாறை போய் மூணாறு வரை சுற்றிவிட்டு வரலாம். பங்க்கில் நிறுத்தவில்லை.

முந்தல் தாண்டி மலை ஏறினோம். முந்தலிலிருந்து போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரியும். பாதி வளைவுகளைத் தாண்டியிருப்போம். வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை மூச்சு விடவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தங்கச்சியை இறங்கச் சொல்லிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கீழேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வருகிறது. வீட்டம்மாவுக்கு பிரஷர் உண்டு. ஒன்றும் பேசவில்லை, பேரனை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பேனட்டைத் திறந்து பிளக்கைப் பார்த்தேன், காயிலைப் பார்த்தேன். பெட்ரோல் இல்லையோ என்ற எண்ணமே வரவில்லை. ஏன் வரும்? முள்தான் பாதி காட்டுகிறதே!

நாலரை மணி இருக்கும். மலையிலிருந்து எஸ்டேட் ஜீப்புகள் இறங்கத் தொடங்கின. விடியற்காலையில் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து காய் எடுக்க ஏறிப் போகிற சனம் திரும்புகிற நேரம். ஒரு ஜீப் நின்றது. பின்னாலிருந்து தூக்குச்சட்டியோடு ஒரு பெண் இறங்கி வந்து, "சார், நீங்களா? இங்க என்ன சார் பண்றீங்க?" என்றது. 1996-இல் என்னிடம் 9-ஆம் வகுப்பு படித்த பிள்ளை. தலைமுடி நரைக்கத் தொடங்கிவிட்டது. என்னை விட்டுவிட்டு நேரே காருக்குப் போய், வீட்டம்மாவுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தது.

ஜீப் டிரைவர் வந்து டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்துக்கொண்டு வண்டியை ஆட்டச் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. "சார், டேங்க் வறண்டு கெடக்கு" என்றார். ஜீப் டீசல். பைக்கில் வந்த ஒரு பையனை நிறுத்தி, அவன் பைக்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் பிடித்து ஊற்றினார்கள். பையன் காசு வாங்க மாட்டேன் என்றான். பேரன் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவன் பையில் திணித்தேன்.

ஒரு லிட்டரை வைத்துக்கொண்டு மேலே போக முடியாது. வண்டியைத் திருப்பினோம். நான் கெட்டிக்காரத்தனமாக, "இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்லயே இறங்கிடுறேன், பெட்ரோல் மிச்சமாகும்" என்றேன். ஜீப் டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படி மட்டும் செஞ்சுறாதீங்க சார். பிரேக் சூடாயி பிடிக்காமப் போயிரும். செகண்ட் கியர்லயே வாங்க, இன்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும். நான் பின்னாடி வாரேன்" என்றார். அத்தனை பெண்களும் வேலை முடித்து அலுத்துப்போய் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். எங்களுக்காக அந்த ஜீப் முந்தல் வரைக்கும் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

காதுகுத்துக்குப் போகவில்லை. பூப்பாறை மச்சான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மச்சான், இதைப் படித்தீர்கள் என்றால், வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி.

மறுவாரம் பழுது பார்க்கிற படலம். இங்கேதான் உங்கள் வாத்தியார் தேர்வில் தோற்றார்.

முள் தப்பு காட்டுகிறது. ஆகவே முள்ளில்தான் தப்பு. இப்படி நானே முடிவு செய்து, தேனியில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து வேறு மீட்டர் வாங்கி மாட்டினேன். அதுவும் பாதியிலேயே நின்றது. சரி, அப்படியானால் டேங்குக்குள் இருக்கிற மிதவைதான் கெட்டிருக்க வேண்டும் என்று அதையும் மாற்றினேன். இரண்டுக்குமாக நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. முள் அசையவில்லை. வீட்டம்மா, "வாழ்க்கையிலேயே எதையும் பாதியில விடாத வண்டி, இப்ப பாதிய விட மாட்டேங்குது" என்றாள்.

அப்போதுதான் ஜீப்பில் வந்த பெண் கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வந்தது. "எங்க கூடப் படிச்சவன் போடியில கார் கரண்டு வேலை பாக்குறான் சார். அவன்ட்ட காட்டுங்க." பெயரும் சொன்னது. பெயரைக் கேட்டும் எனக்கு முகம் ஞாபகம் வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

போடியில் அவன் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "சார்!" என்று காலைத் தொட்டான். நான் "நல்லா இருக்கியாப்பா" என்றேன். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், ஆனாலும் வாயில் 'அவன்' என்றுதான் வருகிறது. அவன் கோவித்துக்கொள்ள மாட்டான். பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நடந்ததைச் சொன்னேன். "எத எதயெல்லாம் மாத்துனீங்க சார்?" என்றான். சொன்னேன். "டெஸ்ட் பண்ணிப் பாக்காமயா?" என்றான். நான் பேசவில்லை. கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் நின்ற பிள்ளைகளின் கஷ்டம் எனக்கு 69 வயதில் புரிந்தது.

அவன் வேலை செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பாடம். இந்த மார்க் 2 வண்டியில் இருக்கிற மீட்டருக்குள் இரண்டு கம்பிச் சுருள் இருக்கிறது. ஒன்று முள்ளைக் காலி பக்கம் இழுக்கும். இன்னொன்று ஃபுல் பக்கம் இழுக்கும். எந்தச் சுருளில் கரண்டு அதிகமோ அந்தப் பக்கம் முள் சாயும். டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் கைப்பிடி ஒரு மின்தடைக் கம்பியின் மேல் தேய்த்துக்கொண்டு நகரும். பெட்ரோல் குறைந்து மிதவை இறங்கினால் தடை குறையும். அப்போது கரண்டு சுலபமாக டேங்க் வழியாகப் போய்விடும். ஃபுல் சுருளுக்கு ஒன்றும் மிஞ்சாது. முள் காலிக்குப் போகும். பெட்ரோல் நிறைந்தால் தடை கூடும். கரண்டு ஃபுல் சுருள் வழியாகப் போகும். முள் ஃபுல்லுக்குப் போகும்.

டேங்குக்குப் போன கரண்டு அங்கேயே நிற்பதில்லை. மிதவையிலிருந்து டேங்கின் தகரத்துக்கும், தகரத்திலிருந்து வண்டியின் பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரிக்கும் திரும்ப வேண்டும். இதைத்தான் எர்த்து என்கிறோம். சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் என்று 32 வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இனி சோதனை. சாவியைப் போட்டுவிட்டு, டேங்குக்குப் போகிற வயரை மட்டும் கழற்றி அந்தரத்தில் பிடித்தான். முள் ஃபுல்லுக்கு ஓடியது. அதே வயரைப் பாடியின் சுத்தமான தகரத்தில் தொட்டான். முள் சடக்கென்று காலிக்கு விழுந்தது. "பாத்தீங்களா சார், மீட்டரும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு" என்றான். நான் கழற்றி வீட்டில் போட்ட பழைய மீட்டரும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்பது அந்த நொடியில் தெரிந்தது.

(பின்னால் வந்த வண்டிகள் பலவற்றில் இது நேர்மாறாக இருக்கும். வயரைப் பாடியில் தொட்டால் ஃபுல்லுக்குப் போகும். எந்தப் பக்கம் போகிறது என்பது வண்டியைப் பொறுத்தது. கழற்றினால் ஒரு கோடி, தொட்டால் மறுகோடி என்று முள் போகிறதா என்பதுதான் கேள்வி. போனால் மீட்டரைத் தொடாதீர்கள்.)

அடுத்து மல்டிமீட்டரை எடுத்தான். மிதவை யூனிட்டின் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் தடையைப் பார்த்தான். டேங்கில் கொஞ்சம்தான் பெட்ரோல். தடையும் கொஞ்சம்தான் காட்டியது. அதுவும் சரி. பிறகு யூனிட்டின் உடம்புக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில் வைத்தான். அங்கே தடையே இருக்கக்கூடாது. முப்பது ஓம்ஸுக்கு மேலே காட்டியது.

"சார், முள்ளு மேலயும் தப்பில்ல, மெதவ மேலயும் தப்பில்ல. எர்த்து இல்ல சார்" என்றான்.

ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு முனையை யூனிட்டின் ஸ்க்ரூவிலும் மறுமுனையைச் சேஸிலும் பிடித்தான். டேஷ்போர்டில் அத்தனை மாதமாகப் பாதியில் உட்கார்ந்திருந்த முள் எழுந்து காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. உண்மையில் டேங்கில் இருந்தது அவ்வளவுதான்.

எர்த்து எப்படிப் போனது? அதற்கும் காரணம் நான்தான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் டேங்கை இறக்கித் துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்தோம். "இன்னொரு கோட் அடிங்கப்பா, உறுதியா இருக்கட்டும்" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். போல்ட் உட்காருகிற இடம் வரைக்கும் பெயின்ட். டேங்குக்கும் பாடிக்கும் நடுவில் புது ரப்பர் பேக்கிங். பெட்ரோல் குழாயிலும் நடுவில் ரப்பர் ஹோஸ். டேங்க் பார்க்க அழகாக இருந்தது. பாடியோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்துகொண்டே வந்திருக்கிறது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் ஒப்பேற்றியிருக்கிறது. அங்கேயும் துரு ஏற ஏறத் தடை கூடிவிட்டது.

இந்த வகை மீட்டரில் தடை கூடினால் முள் மேலேதான் காட்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஃபுல் என்றால் ஃபுல்தான். அங்கிருந்து பாதி வரை இறங்கும். அதற்குக் கீழே இறங்க முடியாமல் அந்த முப்பது ஓம்ஸ் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் டேங்க் வறண்ட பிறகும் பாதி.

"சார், வளைவுல திரும்பும்போது முள்ளு ஆடுமே, அது எப்ப இருந்து ஆடல?" என்று கேட்டான்.

சுருக்கென்றது. இந்த மாடல் முள் ஆடும். மலைச்சாலையில் பெட்ரோல் டேங்குக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளும்போது மிதவையும் புரளும், முள்ளும் கூடவே ஆடும். மாமா காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இரண்டு மூன்று வருஷமாக அது முன்னைப்போல ஆடுவதில்லை. நான் சந்தோஷப்பட்டேன். பெயின்ட் அடித்த பிறகு வண்டி நிதானமாகிவிட்டது என்று வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"முள்ளு ஆடுனா உயிரோட இருக்குன்னு அர்த்தம் சார். ஆடாம அமைதியா நின்னாதான் என்னன்னு பாக்கணும்" என்றான்.

பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை முடித்தான். போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டித் தகரம் தெரிய வைத்தான். யூனிட் ஸ்க்ரூவிலிருந்து சேஸுக்குத் தனியாக ஒரு எர்த்து வயர் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, துரு பிடிக்காமல் இருக்க மேலே வாஸ்லைன் தடவினான். வயருக்கும் வாஷருக்கும் ஐம்பது ரூபாய் ஆகியிருக்காது. கூலி வாங்க மறுத்தான். சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

இனி நான் எழுத நினைத்த விஷயம்.

வேலை முடிந்து எதிர்க்கடையில் டீ குடித்தோம். "நீ எந்த பெஞ்சுப்பா?" என்று கேட்டேன். "மூணாவது பெஞ்சு சார், சன்னல் பக்கம்." எனக்கு ஞாபகம் வரவில்லை. முதல் மார்க் வாங்கினவர்கள் எல்லாரும் ஞாபகம் இருக்கிறீர்கள். மதில் ஏறிக் குதித்தவர்கள், என்னிடம் அடி வாங்கினவர்கள், எல்லாரும் ஞாபகம் இருக்கிறீர்கள். இவன் முகம் மட்டும் வரவில்லை. "பத்தாவது எத்தன மார்க்கு?" என்றேன். "பத்தாவது வரலியே சார். ஒம்பதாவது அரைப்பரீட்சையோட நின்னுட்டேன்" என்றான்.

அப்பா மலையில் ஜீப் கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அம்மாவோடு சனி ஞாயிறு மலைக்குக் காய் எடுக்கப் போயிருக்கிறான். காலை அஞ்சு மணி ஜீப். ஏலச்செடித் தூரில் குனிந்து குனிந்து நாள் முழுக்கக் காய் எடுத்துவிட்டு இருட்டின பிறகு வீடு. திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாது. பிறகு திங்கட்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். பிறகு எல்லா நாளும்.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். என் பழைய மார்க் நோட்டுகளை நான் தூக்கிப் போடவில்லை என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். 1996-97 நோட்டு கிடைத்தது. தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம். அவன் பெயருக்கு நேரே என் கையெழுத்தில்: ஜூலைத் தேர்வு 48. காலாண்டு 46. அரையாண்டு 44. பிறகு வெறும் கட்டங்கள். நான் திங்கட்கிழமை தோறும் சின்னத் தேர்வு வைப்பேன் அல்லவா? அந்தப் பக்கத்தில் ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் அவனுக்கு ஏழு கட்டம் காலி.

35-க்குக் கீழே வாங்கினவர்கள் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறேன். 90-க்கு மேல் வாங்கினவர்களுக்குப் பச்சைக் கோடு. அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு. 48, 46, 44 வாங்கினவனுக்கு ஒரு கோடும் இல்லை. பாதி இருக்கிறது, போதும், ஓடிவிடும் என்று போய்விட்டேன். எதிரே வந்தால் "நல்லா இருக்கியா" என்பேன். "நல்லா இருக்கேன் சார்" என்பான். பாதி காட்டிக்கொண்டே அவன் வறண்டு போயிருக்கிறான். அந்த ஏழு காலிக் கட்டங்களை ஒரே ஒருநாள் கூட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி காலியானதை நான் கவனித்தபோது பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான்கு நாள் கழித்து மறுபடி போடிக்குப் போனேன். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். காட்டினேன். "நான் கேட்டிருக்கணும்ப்பா. கேக்காம விட்டுட்டேன்" என்றேன். என் தொழிலில் அது எனக்குச் சுலபமாக வரும் வார்த்தை இல்லை.

அவன் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். 48-ஐத் தடவிப் பார்த்து, "அம்பதாக்கிப் போட்டிருக்கலாம்ல சார்" என்று சிரித்தான். பிறகு சொன்னான்: "நீங்க கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பனான்னு தெரியல சார். வெக்கமா இருக்கும்ல."

சரிதான். கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் நன்றாக இருக்கிறான், சொந்தக் கடை, மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறது. படிப்பு நின்றதால் கெட்டுப்போனான் என்று சொன்னால் அது அவன் உழைப்பை அவமதிப்பது. ஆனால் கேட்க வேண்டியது என் வேலை. சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம். என் வேலையை நான் செய்யவில்லை. அவ்வளவுதான்.

கிளம்பும்போது, "கரண்டு திரும்பி வந்தாத்தான் சுத்து முடியும்னு நீங்க சொன்னது மட்டும் மறக்கல சார். அத வச்சுத்தான் சோறு திங்கிறேன்" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் வரும்வரை ஒன்றும் பேசத் தோன்றவில்லை. பக்கத்தில் பேச ஆளும் இல்லை.

சரி, பழைய வண்டி வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு வாத்தியாரின் வீட்டுப்பாடம்.

சாமானை மாற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். கழற்றினால் ஒரு கோடி, தொட்டால் மறுகோடி. அதைப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். முள் எப்போதும் காலியிலேயே இருந்தால் மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறி மூழ்கியிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குதித்தால் தடைக் கம்பி அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். எதற்கும் முதலில் எர்த்தைப் பாருங்கள். பேட்டரி கரண்டை நேராக மிதவை யூனிட்டுக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள், கம்பி கருகிவிடும். டேங்கைத் திறக்கிற வேலையைக் காற்றோட்டமான வெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள்; பெட்ரோலைவிட அதன் ஆவிதான் சீக்கிரம் பற்றும். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் கார்க் பேக்கிங்கும் இதற்காகச் செய்தவை அல்ல. வருஷம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, இளகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

பழுது சரியான பிறகு டேங்கைக் காலி செய்து, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று ஓர் அட்டையில் குறித்து டேஷ்போர்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். மாமாவின் நோட்டையும் மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். கடைசியாக அவர் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து.

இன்னொரு வீட்டுப்பாடமும் உண்டு. உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், சூப்பர்வைசர்கள், அப்பா அம்மாக்கள். கஷ்டத்தில் இருப்பவனை எல்லாருக்கும் தெரியும். அவன் முள் காலியில் நிற்கிறது. உங்கள் வகுப்பில், உங்கள் ஆபீஸில், உங்கள் அண்ணன் தம்பிகளில், எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று ஒரே இடத்தில் ஆடாமல் நிற்கிற ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவருக்கு ஒரு போன் போடுங்கள். "நல்லா இருக்கியா" என்று கேட்காதீர்கள். "போன மாசம் ரெண்டு விசேஷத்துக்கும் வரலியே, ஏன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் போனாலும் பரவாயில்லை.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, என்னிடம் அடியும் வாங்காமல் பாராட்டும் வாங்காமல் போனவர்கள் இதைப் படித்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். எந்த வருஷம், எந்த ஊர், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று. முகம் ஞாபகம் வராவிட்டாலும் நோட்டு இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு வரை ஒரு நடை போய்வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் முள் இப்படியும் அப்படியும் ஆடியது. "பாக்கவே தலை சுத்துது, அத நிறுத்த முடியாதா?" என்றாள் வீட்டம்மா. ஆடட்டும் என்றேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
ராசிங்காபுரம்.